சம்பந்தி சொன்ன ஐந்து

சம்பந்தியோடு ஜோடி சேர்ந்து சீட்டாடக் கூடாது. இதை யாராவது எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம். என் நண்பன் பல் டாக்டர் சொன்னான், ஆனால் அவன் சொன்ன நேரத்தில் நான் ஏற்கெனவே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தேன்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். வாரம் முழுக்க எதிரே உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குள்ளே பார்ப்பதுதான் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எதிரே உட்கார்ந்திருப்பவர் கண்ணைப் பார்க்கவே கூடாது, ஏனென்றால் அன்றைக்கு நான் கிளப்பில் பிரிட்ஜ் ஆடுகிறேன். நாலு பேர் ஆட்டம். எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஒரு ஜோடி. ஜோடிக்குள் பேச்சு கிடையாது, ஜாடை கிடையாது, பெருமூச்சு விட்டால்கூட எதிராளி கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டுவிடுவான். ஆளுக்கொரு பெட்டியில் ஏலச் சீட்டு இருக்கும். சொல்ல வேண்டியதை அதிலிருந்து எடுத்து மேஜையில் வைக்க வேண்டும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு, ஆகவே மொத்தம் பதின்மூன்று பிடி. ஆடுவதற்கு முன்னால் நம் ஜோடி எத்தனை பிடிக்கும் என்று ஏலம் கேட்க வேண்டும். முதல் ஆறு பிடி ஏலத்தில் வராது. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், நான் கண்ணாடிக்காரன். நாலு என்று கேட்டால் பத்துப் பிடி, ஐந்து என்றால் பதினொன்று, ஆறு என்றால் பன்னிரண்டு. ஆறு கேட்டு ஆறும் எடுத்துவிட்டால் மார்க் கொட்டும். கேட்டதில் ஒன்று குறைந்தாலும் நமக்கு நாமம்தான், மார்க் எதிராளிக்குப் போய்விடும். இதற்கு மேல் கேட்க என்னிடம் ஒன்றுமில்லை என்றால் பச்சை நிறச் சீட்டை எடுத்து வைக்க வேண்டும். அதற்குப் பெயர் பாஸ்.

இப்போது சம்பந்திக்கு வருகிறேன். என் பெண்ணின் மாமனார். தண்ணீர் வாரியத்தில் தலைமை எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தலையாட்டினால் பாதி ஊருக்குத் தண்ணி வரும், ஆட்டாவிட்டால் வராது. அப்படிப்பட்ட மனுஷனிடம் யார் முடியாது என்று சொல்வார்கள்? ஆபீஸில் ஒருத்தரும் சொன்னதில்லை. வீட்டிலும் அதே கதைதான். சம்பந்தியம்மா 'சரிங்க' என்பார். மாப்பிள்ளை 'சரிப்பா' என்பார். என் பெண் வாயாடி, பிறந்த வீட்டில் என்னை உட்கார வைத்துக் கேள்வி கேட்டவள், அந்த வீட்டுக்குப் போய் முதல் வாரத்திலேயே 'சரி மாமா' என்று கற்றுக்கொண்டுவிட்டாள்.

ஓய்வு பெற்ற கையோடு மனுஷன் வாரியத்தை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். குளியலறைக் குழாய்க்கு மீட்டர் வைத்தார். பாத்திரம் தேய்க்கிறவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு குழாயை எவ்வளவு திருகலாம் என்று பாடம் எடுத்தார். என் பெண் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலையில் இருக்கிறாள், நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவள். ஒரு நாள் போனில் அழாத குறையாகப் பேசினாள்.

"அப்பா, வாரத்துல ஒரு நாளாவது மாமாவை எங்கேயாவது கூட்டிட்டுப் போப்பா. நான் நிம்மதியாக் குளிக்கணும்."

பெற்ற பெண் குளிக்க வேண்டும் என்று கெஞ்சும்போது எந்த அப்பன் மறுப்பான்? கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தனியாக வந்தவருக்கு ஜோடி வேண்டும். ஜோடி நான்தான் என்று அவரே முடிவு செய்துவிட்டார். அதுவரை எனக்கும் பல் டாக்டருக்கும் இருந்த பல வருஷ ஜோடி அன்றைக்கு முறிந்தது.

"பொண்டாட்டி கோச்சுக்கிட்டுப் போயிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காதுடா," என்றான் பல் டாக்டர். "சம்பந்தியோட சீட்டாடப் போறியா? நல்லா அனுபவி." அவன் தன் மச்சானைப் பிடித்து ஜோடி சேர்த்துக்கொண்டான்.

சம்பந்தியைக் குறை சொல்ல மாட்டேன். படு கெட்டிக்காரர். ஒரே மாதத்தில் ஆட்டத்தைக் கரைத்துக் குடித்துவிட்டார். எந்தச் சீட்டு போனது, எது யாரிடம் இருக்கிறது, எல்லாம் விரல் நுனியில். ஒரே ஒரு வியாதிதான். ஏலத்தில் எப்போதும் ஒன்று கூடக் கேட்பார். மூன்று கையில் இருந்தால் நாலு. நாலு இருந்தால் ஐந்து. கேட்டால் கிடைத்துத்தான் ஆக வேண்டும் என்பது வாரியத்துப் பழக்கம்.

ஆரம்பத்தில் ஒரு நாள் அவர் மூன்று என்று வைத்தார். என் கையில் சாணி. நான் நல்ல ஆட்டக்காரனாகப் பச்சைச் சீட்டை வைத்தேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மறுநாள் காலையிலேயே கடைக்குப் போன் வந்துவிட்டது.

"என்னப்பா பண்ணித் தொலைச்சே? மாமா நேத்து சாப்பிடவே இல்லே. 'உங்கப்பா என்னை நம்பலேம்மா'ன்னு மூணு தடவை சொல்லிட்டாரு. அத்தை முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க."

"அது ஆட்டம்மா. கையில ஒண்ணும் இல்லேன்னா பாஸ்தான் வைக்கணும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. அவர் ஒண்ணு சொன்னா நீ கூட ஒண்ணு சொல்லேன். உனக்கு என்ன குறைஞ்சிடும்?"

குறைவது மானம்தான். பெண்ணைக் கொடுத்தவனுக்கு அது எப்படியும் கொஞ்சம் குறைச்சலாகத்தான் இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அன்றிலிருந்து சம்பந்தி மூன்று சொன்னால் நான் நாலு. அவர் நாலு சொன்னால் ஐந்து. ஐந்து சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு ஆறு. என் பெட்டியில் பச்சைச் சீட்டுகள் மட்டும் கசங்காமல் புதுசாக இருந்தன.

சொல்லவே வேண்டாம், முதல் சில மாதம் வாராவாரம் மூக்கு உடைபட்டது. அவர் ஒன்று கூடக் கேட்க, நான் அதற்கு மேல் ஒன்று ஏற்றி வைக்க, கிடைக்காமல் கவிழ்ந்துகொண்டே இருந்தோம். எங்கள் மேஜைக்கு வரப் போகிறோம் என்றாலே மற்ற ஜோடிகளுக்குச் சந்தோஷம். பல் டாக்டர் ஒரு நாள் காபி குடிக்கும் இடத்தில் என்னை ஓரம் கட்டினான்.

"நீ அங்க ஏலம் கேட்கறியா, கும்பிடு போடறியா?"

"உனக்குப் பொண்ணு இல்லே. உனக்குப் புரியாது," என்றேன்.

பிறகு என்ன மாயமோ தெரியவில்லை, மெல்ல மெல்ல ஜெயிக்க ஆரம்பித்தோம். அவர் மூன்று சொல்வார், நான் வழக்கம்போல நாலு ஏற்றுவேன், சரியாக நாலு கிடைக்கும். ஐந்து சொல்வார், ஆறு ஏற்றுவேன், ஆறும் வரும். என் மரியாதைக்கு இவ்வளவு பலனா என்று எனக்கே வியப்பு. மனுஷன் ஆட்டத்தில் தேறிவிட்டார், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். இந்த இடத்தில் நான் கொஞ்சம் மூளையைச் செலவழித்திருக்க வேண்டும். அதைச் செய்யவில்லை. வருஷக் கடைசியில் கோப்பைக்கான பந்தயத்தில் முன்னணியில் நிற்கிற இரண்டு ஜோடிகளில் நாங்கள் ஒன்று, பல் டாக்டரும் மச்சானும் இன்னொன்று.

இந்த நேரத்தில்தான் என் பெண் கடைக்கே வந்தாள். கண்ணைப் பரிசோதிக்கிற நாற்காலியில் உட்கார்ந்து, எழுத்துப் பலகையை வெறித்துப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"மாமா எங்களுக்காக மேல ஒரு மாடி கட்டறாராம்."

"நல்லதுதானே?"

"அந்த மாடிக்குத் தண்ணி லைன் கீழ அவர் ரூம் வழியாத்தான் வருமாம். வால்வு அவர் கட்டில் பக்கத்துல."

"நீ என்ன சொன்னே?"

"என்ன சொல்லுவேன்? 'சரி மாமா'ன்னேன். உங்க மாப்பிள்ளை 'சரிப்பா'ன்னுட்டு உட்கார்ந்து பிளானும் போட்டுக் கொடுத்துட்டாரு." மாப்பிள்ளை கட்டட வரைபடம் போடுகிறவர். தான் மாட்டப் போகிற கூண்டுக்குத் தானே அளவு எடுத்துக் கொடுத்திருக்கிறார். "நாங்க ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல ரெண்டு ரூம் வீடு ஒண்ணு பார்த்து வச்சிருக்கோம்ப்பா. வீட்டுக்காரம்மா திங்கக்கிழமை வரைக்கும்தான் காத்திருப்பாங்களாம். மாமா சொன்ன மேஸ்திரியும் திங்கக்கிழமைதான் வேலை ஆரம்பிக்க வர்றாரு. ஒரு தடவை செங்கல் வச்சுட்டா அப்புறம் நாங்க எங்கேயும் போக முடியாது. நீதான் மாமாகிட்ட பேசணும். அவர் உன் பேச்சை மட்டும்தான் கேட்பாரு."

"என் பேச்சையா?"

"நீதான் அவர் சொல்றதை எல்லாம் நம்பறியாம். வீட்டுல சொல்லிச் சொல்லிப் பெருமைப்படறாரு."

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். திங்கட்கிழமை மேஸ்திரி. ஆட்டம் முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில், கோப்பை ஜெயித்த குஷியில் அவர் இருக்கும்போது பேசிவிடுவது என்று திட்டம் போட்டேன். அதுவரை மனுஷனை மலர்ந்த முகத்தோடு வைத்திருக்க வேண்டும். என் பெண்டாட்டியும் அதையேதான் காலையில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே சொன்னாள். "இன்னிக்கு ஒரு நாள் உங்க ரோஷத்தையெல்லாம் மூட்டை கட்டி வச்சிட்டுப் போங்க. அவர் என்ன கேட்டாலும் சரின்னுடுங்க."

அன்றைக்குக் கூடம் முழுக்கக் கூட்டம். மின்விசிறிகள் ஓடிக்கொண்டே இருந்தும் எனக்கு வியர்த்தது. எல்லா மேஜையிலும் ஒரே சீட்டுகள்தான் வரும், யார் அதே சீட்டை வைத்து அதிக மார்க் எடுத்தார்கள் என்பதுதான் போட்டி. ஆகவே அதிர்ஷ்டத்தைத் திட்டிப் பயனில்லை. சம்பந்தி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார், ஏதோ அணைக்கட்டைத் திறந்து வைக்க வந்தவரைப் போல. நாள் முழுக்க நன்றாகவே ஆடினோம். கடைசி ஆட்டத்துக்கு வந்தபோது பல் டாக்டர் ஜோடியும் நாங்களும் கிட்டத்தட்ட சமம். அந்தக் கடைசி ஆட்டத்துக்கு எங்கள் மேஜையில் வந்து உட்கார்ந்ததும் அதே பல் டாக்டரும் மச்சானும்தான்.

உட்காரும்போதே ஆரம்பித்தான். "என்னடா, மேலே ஒண்ணு போட்டுக் கொடுக்கறதுக்குக் கையைத் தயாரா வச்சிருக்கியா?"

நடுவர் திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். ஆனால் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

சீட்டை விரித்தேன். ஐந்து இஸ்பேடு, எல்லாம் சில்லறை. ஒரு ஹார்ட்டின் ராணி, ஒரு ஜாக்கி, மீதி குப்பை. சம்பந்தி இஸ்பேடுதான் துருப்பு என்று ஒன்றில் ஏலத்தை ஆரம்பித்தார். எனக்கும் இஸ்பேடு நிறைய இருந்ததால் நாலு என்றேன். அது முறையான ஏலம், அதில் மரியாதைக் கலப்படம் எதுவும் இல்லை. அங்கேயே அவர் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. ஐந்து என்று வைத்தார்.

பிரிட்ஜில் இதற்கு ஒரே ஒரு பொருள்தான். 'ஆறு வரை போகலாம் போல இருக்கிறது, உன் கையில் உருப்படியாக ஏதாவது இருந்தால் ஆறு சொல், இல்லாவிட்டால் நின்றுகொள்.' கேள்வி எனக்கு. பதிலும் கையிலேயே இருக்கிறது. உருப்படியாக ஒன்றும் இல்லை. ஊரில் எந்த ஆட்டக்காரனைக் கேட்டாலும் பாஸ் என்றுதான் சொல்வான்.

ஆனால் எதிரே இருப்பது ஆட்டக்காரர் இல்லை, சம்பந்தி. ஆறு சொல்லாவிட்டால் முகம் வாடும். முகம் வாடினால் வண்டியில் பேச முடியாது. பேசாவிட்டால் நாளைக்குச் செங்கல் இறங்கும், என் பெண் அந்த வால்வுக்கு மேலே குடியிருப்பாள். ஆறு சொன்னாலோ ஒன்று குறையும், கோப்பை பல் டாக்டர் வீட்டு அலமாரிக்குப் போகும், கோப்பை போன கடுப்பிலும் முகம் வாடத்தான் செய்யும். இரண்டு பக்கமும் அடி. சரி, அவர் கையில் நிஜமாகவே என்ன இருக்கும் என்று யோசித்தேன். எப்போதும் ஒன்று கூடக் கேட்கிறவர், ஆகவே கையில் இருப்பது நாலுதான். நாலை வைத்துக்கொண்டு ஐந்து கேட்கிறவருக்கு நான் ஆறு சொன்னால் அது மரியாதை இல்லை, இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு கிணற்றில் குதிப்பது.

பல் டாக்டர் தன் சீட்டுக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதட்டோரம் லேசாக மடிந்திருந்தது. நான் ஆறு வைப்பேன் என்று அவனுக்கு அவ்வளவு நிச்சயம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்த கோபம். நானும் ஒரு காலத்தில் ஆட்டக்காரன்தான்டா என்று சொல்லிக்கொண்டு, பெட்டியிலிருந்து பச்சைச் சீட்டை எடுத்து மேஜையில் வைத்தேன்.

சம்பந்தியின் கண் அந்தச் சீட்டில் நிலைகுத்தி நின்றது. என்னை அவர் பார்க்கவில்லை. விதி தெரிந்தவர்.

ஏலம் எடுத்தவரின் ஜோடி தன் சீட்டையெல்லாம் மேஜையில் விரித்துவிட்டுச் சும்மா உட்கார வேண்டும். அந்த ஆளுக்கு டம்மி என்று பெயர். என் குப்பையை விரித்துவிட்டு டம்மியாக உட்கார்ந்தேன். சம்பந்தி ஆட ஆரம்பித்தார். ஏஸ் வந்தது, ராஜா வந்தார், ராணி வந்தாள், மறுபடியும் ஏஸ், மறுபடியும் ராஜா. மனுஷன் கையில் அரண்மனையே இருந்தது. எதிராளிக்குப் போனது ஒரே ஒரு பிடி. பன்னிரண்டு எங்களுக்கு. ஆறு கேட்டிருந்தால் ஆறும் கிடைத்திருக்கும், கோப்பையும் கிடைத்திருக்கும். கேட்டது ஐந்து, மார்க்கும் ஐந்துக்குத்தான்.

"பச்சைச் சீட்டு உன் பெட்டியில இருக்கறதே இன்னிக்குத்தான் தெரியும்," என்றான் பல் டாக்டர், எழுந்து என் கையைக் குலுக்கிக்கொண்டே. கோப்பை அவனுக்குத்தான் என்று அறிவித்தபோது நான் கைதட்டினேன். சம்பந்தியும் தட்டினார், எண்ணி இரண்டே தட்டு.

"வண்டியை எடுங்க," என்றார்.

வண்டியில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முதல் சிக்னலில் வாய் திறந்தார்.

"என்னை நம்பலே நீங்க."

"நம்பறதா இல்லையாங்கறது இல்லை சம்பந்தி. என் கையில ஒண்ணும் இல்லே."

"இதுக்கு முன்னாடியும்தான் ஒண்ணும் இல்லே. அப்பல்லாம் ஒண்ணு கூடச் சொன்னீங்களே. இன்னிக்கு மட்டும் எதுக்கு நிறுத்தினீங்க?"

பெண்டாட்டி மூட்டை கட்டச் சொன்ன ரோஷம் அந்த இடத்தில் அவிழ்ந்துவிட்டது. "அப்பல்லாம் சொன்னது மரியாதைக்கு," என்றேன். "நீங்க எப்பவும் இருக்கறதுக்கு மேல ஒண்ணு கேட்பீங்க. பாஸ் வச்சா சாப்பிடாமப் படுப்பீங்க. பொண்ணைக் கொடுத்தவன் வேற என்ன செய்வான்? ஏத்தி ஏத்திச் சொன்னேன். இன்னிக்கு ஒரு நாள் நிஜத்தைச் சொல்லலாம்னு பார்த்தேன், அது இப்படி ஆச்சு."

சிக்னல் மாறி, பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை நகர்த்தினேன். சம்பந்தி பெல்ட்டை இழுத்துச் சரி பண்ணிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நீங்க எப்பவும் ஒண்ணு கூடச் சொல்றீங்கன்னு எனக்கு எப்பவோ தெரிஞ்சு போச்சு. ஏன்னுதான் தெரியலே. சரி, இவர் சுபாவம் அப்படின்னு விட்டுட்டேன். அதுக்குத் தோதா நான் இருக்கறதுல ஒண்ணு குறைச்சுக் கேட்க ஆரம்பிச்சேன். அதுக்கப்புறம்தானே நாம ஜெயிக்க ஆரம்பிச்சோம்? இன்னிக்குக் கையில ஆறு முழுசா இருந்துச்சு. நானே ஆறு சொல்லியிருப்பேன். நீங்க எப்படியும் ஏத்துவீங்க, ஏழுன்னு போய் நின்னுடுவீங்கன்னு பயந்து அஞ்சு சொன்னேன். உங்க மரியாதைக்கு ஒரு இடம் விட்டு வச்சேன் சம்பந்தி."

எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. இந்த உலகத்தில் வேறு எந்த ஜோடியும் இப்படித் தோற்றிருக்காது. அந்த மனுஷன் எனக்காகத் தன் வியாதியையே விட்டிருக்கிறார், நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. முதல் தடவையாக அவர்மேல் எனக்குப் பாவமாக இருந்தது, பிரியமாகவும் இருந்தது.

"அப்போ வருஷம் முழுக்க நீங்க 'ஆமா சம்பந்தி', 'சரி சம்பந்தி'ன்னதெல்லாம்?" என்று கேட்டார்.

"முக்கால்வாசி மரியாதை."

"என் மருமக 'சரி மாமா'ங்கறது?"

வாய் வரை வந்துவிட்டது. விழுங்கப் பார்த்தேன், முடியவில்லை. "வீட்டுக்குப் போய் அவளையே கேளுங்க," என்றேன்.

அவர் வீட்டு ஹாலில் மாப்பிள்ளை தரையில் பிளானை விரித்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பெண் எங்களைக் கண்டதும் எழுந்து நின்றாள். கோப்பை இல்லாத கையைப் பார்த்தாள், மாமனார் முகத்தைப் பார்த்தாள், அவளுடைய முகம் அப்படியே இருண்டுவிட்டது. சம்பந்தி செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மேல் மாடி உங்களுக்கு வேணுமா, வேண்டாமா? மரியாதையைக் கழிச்சுட்டுச் சொல்லும்மா."

அவள் என்னைப் பார்த்தாள். ஜோடி பார்க்கும்போது முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்வது எனக்கு இத்தனை வருஷப் பழக்கம். அந்தப் பழக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தலையை ஆட்டினேன், ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. கிளப்பாக இருந்தால் நடுவர் என்னை வெளியே பிடித்துத் தள்ளியிருப்பார்.

"வேண்டாம் மாமா," என்றாள். குரல் நடுங்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை. "எங்களுக்குத் தனியாப் போகணும். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல ரெண்டு ரூம் வீடு பார்த்திருக்கோம். உங்ககிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு."

சம்பந்தி மகன் பக்கம் திரும்பினார். "நீ?"

"ஆமாம்ப்பா."

"அப்புறம் எதுக்குடா பிளான் போட்டே?"

"நீங்க போடச் சொன்னீங்கப்பா."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு செருப்பைக் கழற்றினார், இன்னொன்றை மறந்துவிட்டார். பிளானைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மேஸ்திரியைக் கூப்பிட்டு, "நாளைக்கு வர வேண்டாம். இல்லே, அப்புறமும் வேண்டாம்," என்று சொல்லி வைத்துவிட்டார். என் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எந்தக் கோப்பையும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷத்தைக் கொடுத்ததில்லை. இவ்வளவு பெரிய மனுஷனா நீ என்று அவர் தோளைத் தொடலாமா என்றுகூட யோசித்தேன்.

அவர் அங்கே நிறுத்தியிருக்கலாம். எல்லாம் நல்லபடியாக முடிந்திருந்தது. ஆனால் ஒன்று கூடக் கேட்கிற வியாதியை அவர் சீட்டாட்டத்தில்தான் விட்டிருந்தார், வீட்டில் விடவில்லை. உண்மையைக் கேட்டு வாங்கிய தெம்பு முகத்தில் தெரிந்தது. சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"இந்தா, இங்க கொஞ்சம் வா."

சம்பந்தியம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

"நீயும் சொல்லிடு. இத்தனை வருஷமா எல்லாத்துக்கும் 'சரிங்க'ன்னியே, உனக்குன்னு என்ன வேணும்?"

"நிஜமாக் கேட்கறீங்களா, பேச்சுக்குக் கேட்கறீங்களா?"

"நிஜமாத்தான்."

அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தார். கையிலிருந்த துணியை மடித்தார். பிறகு அவர் பக்கம் திரும்பாமல் என் பெண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"ரெண்டு ரூம்னு சொன்னியேம்மா, அதுல ஒண்ணு எனக்குத் தருவியா?"

மாப்பிள்ளை பிளானைச் சுருட்ட ஆரம்பித்தார். சம்பந்தி மெதுவாக என் பக்கம் திரும்பினார். அவர் கண்ணை நான் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. வலது கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது, அதைக்கூட நான் இத்தனை நாள் கவனிக்கவில்லை.

"சம்பந்தி," என்றார். "நீங்க ஏதாவது சொல்லுங்களேன்."

"பாஸ், சம்பந்தி," என்றேன்.